விமானத் தளத்துக்குப் பக்கத்து கிராமத்து பப்: உங்களுக்குப் பிடித்தது எது?

ஓடுபாதை_முனை

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தில் லிங்கன்ஷயருக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. சனிக்கிழமை வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கானிங்ஸ்பி விமானப்படைத் தளத்து வேலியோரம் போய் நின்றுவிடுவேன். டைஃபூன் போர் விமானங்கள் ஏறி இறங்குவதைப் பார்த்து, காற்றில் விரல் மரத்துப்போன பிறகு, பக்கத்தில் ஏதாவது ஒரு பப்பில் கணப்புக்கு அருகே இடம் பிடிப்பேன். நான் மது தொடுவதில்லை. லைம் சோடா, ஒரு தட்டு சிப்ஸ், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் வேலியோரம் நின்ற நேரத்துக்குச் சமம்.

நான் சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். அங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், யாருக்கு மாற்றல், எந்த விமானம் புதிதாக வந்திருக்கிறது, எல்லாம் காதில் விழும். இங்கே அந்த வேலையை பப் செய்கிறது.

என் தேர்வு டாட்டர்ஷால் தார்ப் கிராமத்தில் இருக்கும் புளூ பெல். குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு பழைய கட்டடம். தலைக்கு மேலே கூரையைப் பாருங்கள்: இரண்டாம் உலகப் போரின்போது சுற்றுவட்டாரத் தளங்களில் இருந்த விமானிகள் போட்டுவிட்டுப் போன கையெழுத்துகள். முதல் தடவை போனபோது அரை மணி நேரம் அண்ணாந்தபடியே இருந்தேன். ஆறிப்போன சிப்ஸை எடுத்துக்கொண்டு போய், பரிமாறிய பெண் நான் சொல்லாமலே சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

உங்களுக்குப் பிடித்தது எது? இன்றைக்கும் திறந்திருப்பதோ, மூடிப்போனதோ, எதுவானாலும் எழுதுங்கள்.

பழைய_பிலிம்சுருள்

தம்பி, நல்ல இழை. நான் 1983இல் சஃபோக் வந்தவன். மருத்துவமனையில் இரவுப் பணி முடித்துவிட்டு, அமெரிக்க விமானப்படை இருந்த மில்டன்ஹால் தளத்துக்குப் போவேன். அப்போது அங்கே எஸ்ஆர்-71 கரும்பறவை என்ற உளவு விமானம் இருந்த காலம். பெக் ரோவில் தளத்தை ஒட்டி இருக்கிற பேர்ட் இன் ஹேண்ட் தான் எங்கள் எல்லோருக்கும் கூடாரம். ஹாலந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த ஆர்வலர்கள் மேசையில் நோட்டுப் புத்தகத்தை விரித்து, தாங்கள் பார்த்த விமானங்களின் வால் எண்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் யாருடைய மொழியும் சரியாக வராது. எண்கள் போதும்.

அந்த விமானம் புறப்படும் நாட்களில் முதலில் எரிபொருள் டேங்கர்கள் ஏறும். அதைக் கண்டுகொண்டதும் பப்பில் பாதி பேர் தட்டை அப்படியே விட்டுவிட்டு வேலிக்கு ஓடுவோம். எஞ்சின் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் அதிரும்.

ஒரு நாள் மட்டும் மறக்கவே இல்லை. 1986 ஏப்ரல் 14. அன்று மாலை பக்கத்து லேக்கன்ஹீத்திலிருந்து 24 அமெரிக்க எஃப்-111 குண்டுவீச்சு விமானங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஏறின. டேங்கர்களும் கூடவே. பயிற்சி என்றுதான் நினைத்தோம். லிபியாமீது தாக்குதல் என்று காலையில் வானொலியில்தான் தெரிந்தது. 24இல் 6 மாற்று விமானங்கள், அவை வழியிலேயே திரும்பிவிட்டன. போன 18இல் ஒன்று வரவில்லை, அதில் இருந்த இருவரும் இறந்தார்கள். மறுநாள் மாலை நான் பப்புக்குப் போனேன். அமெரிக்கப் பையன்கள் யாரும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் நாலைந்து பேர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் நோட்டைத் திறக்கவில்லை.

கரும்பறவை 1990 ஜனவரியில் மில்டன்ஹாலை விட்டுப் போய்விட்டது. ஒன்று டக்ஸ்ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. போய்ப் பார்த்தேன். சத்தமில்லாமல் அதைப் பார்ப்பது எனக்கு ஒத்துவரவில்லை.

கேம்_நதிக்கரை

ஐயா எழுதியதைப் படித்ததும் கண் கலங்கியது.

நான் கேம்பிரிட்ஜில் இருக்கிறேன். இங்கே ஈகிள் பப்பைக் கிராமத்து பப் என்று சொல்ல முடியாது, நகரத்தின் நடுவில் இருக்கிறது. ஆனால் சுற்றியுள்ள தளங்கள் எல்லாவற்றிலிருந்தும் வீரர்கள் வந்து சேர்ந்தது அங்கேதான் என்பதால் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்து அறையை இன்றைக்கும் ஆர்ஏஎஃப் (பிரிட்டிஷ் விமானப்படை) பார் என்றே சொல்கிறார்கள். கருஞ்சிவப்புக் கூரை முழுக்கப் படைப்பிரிவு எண்கள், பட்டப்பெயர்கள், விமானப் பெயர்கள். மெழுகுவத்தியாலும் லைட்டராலும் சுட்டு எழுதியவை. சில இடத்தில் உதட்டுச்சாயம். நாற்காலிமேல் மேசை, மேசைமேல் ஆள் என்று ஏறித்தான் எழுதியிருக்க வேண்டும். பிற்பாடு புகையும் அழுக்கும் படிந்து எல்லாம் மறைந்துபோயிருந்தது. 1990களின் தொடக்கத்தில் விமானப்படையில் பணியாற்றிய ஒருவர் பொறுமையாகச் சுத்தம் செய்து மீட்டெடுத்தார். 1953 பிப்ரவரியில் கிரிக்கும் வாட்சனும் டிஎன்ஏ அமைப்பைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அறிவித்ததும் இதே பப்பில்தான். சுற்றுலாக்காரர்கள் அதைத்தான் தேடி வருகிறார்கள். நான் பின்பக்கம் போய்விடுவேன்.

உண்மையான கிராமம் வேண்டுமென்றால் லாவன்ஹாம். சஃபோக்கில் மரச்சட்ட வீடுகள் கோணல்மாணலாக நிற்கும் ஊர். அங்கே ஸ்வான் ஹோட்டலின் பழைய பாரில் அமெரிக்க விமானிகளின் கையெழுத்துகள் சுவரில் இருக்கின்றன. ஊருக்கு வெளியே இருந்த தளத்தில் 487ஆவது குண்டுவீச்சுப் படைப்பிரிவு இருந்தது. 1944 டிசம்பர் 24 அன்று பிரெடரிக் காசில் என்ற பிரிகேடியர் ஜெனரல் அந்தப் படைப்பிரிவோடு இங்கிருந்துதான் புறப்பட்டார். 2,000க்கும் மேற்பட்ட கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய நாள் அது. பெல்ஜியத்துக்கு மேலே அவருடைய விமானம் அடிபட்டது. கீழே இருப்பது தங்கள் தரப்புப் படையினர் என்று குண்டுகளைத் தள்ளிவிட மறுத்து, மற்றவர்கள் குதிக்கும்வரை கட்டுப்பாட்டைப் பிடித்துக்கொண்டிருந்து இறந்துபோனார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம், அதில் கையெழுத்திட்ட எத்தனை பேர் அன்று அவருக்குப் பின்னால் பறந்திருப்பார்கள் என்று யோசிப்பேன்.

ஹாரோ_வாசி

வணக்கம் எல்லோருக்கும். நாங்கள் சவுத் ஹாரோவில் இருக்கிறோம். எங்கள் பக்கம் தமிழ்ச் சனம் நிறைய. ஏ40 சாலையில் போகிற எல்லோருக்கும் "போலிஷ் வார் மெமோரியல்" (போலந்து விமானிகளின் போர் நினைவுச்சின்னம்) என்ற பெயர்ப்பலகை தெரியும். போக்குவரத்து நெரிசல் செய்தியில் ஒவ்வொரு நாளும் கேட்கிற பெயர். பத்து வருஷமாக அதைத் தாண்டிப் போயும் நான் ஒருநாளும் இறங்கிப் பார்க்கவில்லை.

போன வருஷம் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு செயல்திட்டம் வந்தது. அப்போதுதான் போனோம். பக்கத்து நார்த்தோல்ட் தளத்தில் இருந்த போலந்து விமானிகளின் எண் 303 படைப்பிரிவு, 1940இல் ஆறு கிழமைக்குள் 126 எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தது. அதில் 17 ஒரே ஆளுடையது: யோசெஃப் ஃபிரான்டிஷெக். அவர் போலந்துக்காரர்கூட இல்லை, செக். அக்டோபர் 8ஆம் தேதி விமானம் விழுந்து இறந்தார். நார்த்வுட் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார், எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான்.

ரைஸ்லிப்பில் ஆர்ச்சர்ட் என்று ஒரு இடம். அந்தப் போலந்து விமானிகள் பின்னேரங்களில் கூடியது அங்கேதான். இப்போது அது குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுகிற உணவகம். நகரம் என்று சொல்லாதீர்கள், அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் வயலும் தோட்டமுமாக இருந்தது.

சொந்த நாடு பறிபோய், பாஷை தெரியாத ஊரில், வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாமல் வந்த பையன்கள் அவர்கள். அந்த மேசையில் இருந்து என்ன கதைத்திருப்பார்கள் என்று எனக்குக் கொஞ்சம் விளங்கும். நாங்களும் அப்படி ஒரு காலத்தில்தான் இங்கே வந்து இறங்கினோம்.

கிழக்குக்காற்று

எல்லோருடைய பதிவும் அருமை. ஆனால் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கென்ட்டில் பிராஸ்டட் என்ற ஊரில் ஒயிட் ஹார்ட் பப். பிக்கின் ஹில் தளத்தின் போர் விமானிகளுடைய சொந்த வீடு மாதிரி இருந்த இடம். 1940இல் 92ஆவது படைப்பிரிவின் ஆட்கள் பகலில் நாலு முறை சண்டைக்கு ஏறிவிட்டு இரவில் அங்கே வந்தார்கள். வெளிச்சம் வெளியே தெரியக்கூடாதென்று சன்னலை மூடிய பலகை ஒன்றில் சாக்பீஸால் கையெழுத்திட்டார்கள். சாக்பீஸ்! துணியால் ஒரு தடவை துடைத்தால் போய்விடும். அது தப்பியதே பெரிய விஷயம். இப்போது அந்தப் பலகை ஷோரம் விமான அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

நான் ஒரு சிறிய ஆவணக் காப்பகத்தில் தன்னார்வலராக வேலை செய்கிறேன். ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) பழைய தளத்துக்குப் பக்கத்து பப்பின் கழிவறைப் பாதைச் சுவரில் பென்சிலால் எழுதிய பதினைந்து இருபது பெயர்கள் இருந்தன. படமெடுக்க நேரம் கேட்டு வைத்திருந்தோம். போவதற்கு முந்தைய வாரம் புது நடத்துநர் சாம்பல் நிற பெயின்ட் அடித்துவிட்டார். அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. நான் அந்தச் சுவர் முன்னால் நின்று அழுதேன்.

ஆகவே சொல்கிறேன்: இந்தக் கையெழுத்துகள் அருங்காட்சியகத்தில்தான் இருக்க வேண்டும். பப் கைமாறும், எரியும், வீடாக மாறும்.

ஓடுபாதை_முனை

கிழக்குக்காற்று, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை.

போர்க்காலத்து லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் ஏழு பேர். விமானி அதிகாரியாக இருப்பார், பின்பக்கத் துப்பாக்கிக்காரர் சார்ஜன்டாக இருப்பார். ராத்திரி எட்டு மணி நேரம் ஒருவர் உயிரை மற்றவர் கையில் வைத்துக்கொண்டு பறந்துவிட்டு வந்தால், தளத்துக்குள் ஒன்றாகச் சாப்பிட முடியாது. அதிகாரிகளுக்குத் தனி மெஸ், சார்ஜன்ட்களுக்குத் தனி மெஸ். வுட்ஹால் ஸ்பாவில் பெட்வுட் ஹோட்டல் இருக்கிறது. 617ஆவது படைப்பிரிவு, அதாவது ஜெர்மனியின் அணைகளைக் குண்டுபோட்டு உடைத்தவர்கள், 1944இல் அங்கே வந்தபோது அது அதிகாரிகளின் மெஸ். அழகான இடம், அந்தப் படைப்பிரிவின் பெயரில் பாரும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு ஒரு சார்ஜன்ட் அங்கே வந்து தன் விமானியோடு உட்கார்ந்திருக்க முடியாது.

ஏழு பேரும் ஒரே மேசையில் உட்கார முடிந்த இடம் பப்தான். தரையில் எஞ்சினைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கும் அங்கே வந்து சேர்வார். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். ஏழு நாற்காலிகளும் அடுத்த வாரம் காலியாக இருக்கலாம் என்பது பப் நடத்தியவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். தாக்குதல் நாளில் தளத்தை அடைத்துவிடுவார்கள், தொலைபேசி கிடையாது. யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் சாயங்காலம் பப் காலியாக இருந்தால் ஊருக்கே தெரிந்துவிடும், இன்றிரவு போகிறார்கள் என்று. கோடையில் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்த காலம், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். தோட்டத்தில் நின்று எத்தனை போகிறது என்று எண்ணுவார்கள். விடியற்காலையில் படுக்கையில் கிடந்தபடி எத்தனை திரும்புகிறது என்று எண்ணுவார்கள்.

கையெழுத்தைப் பெயர்த்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் பெயர் பிழைக்கும். அந்த மேசை, அந்தத் தோட்டம்?

பழைய_பிலிம்சுருள்

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் அருங்காட்சியகமா பப்பா என்று நாம் தேர்ந்தெடுக்கும் நிலை பல ஊர்களில் இல்லை, பப்பே இல்லை.

நான் வந்த பிறகு கண் முன்னால் மூடிய தளங்கள்: பென்ட்வாட்டர்ஸ், வுட்பிரிட்ஜ் 1993. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் அப்பர் ஹேஃபோர்ட் அடுத்த வருஷம். ஒரு தளத்தில் சில ஆயிரம் பேர் சம்பளம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒரே வருஷத்தில் மூட்டை கட்டினால் 200 வீடுள்ள கிராமத்தின் பப் என்ன ஆகும்? அதற்கு முன்பே 1967இல் மூச்சுச் சோதனைச் சட்டம் வந்து, காரில் நாலு மைல் தள்ளிப் போய்க் குடிக்கிற பழக்கம் குறையத் தொடங்கியிருந்தது. அது நல்ல சட்டம், விபத்தில் சிதைந்த பிள்ளைகளைத் தைத்தவன் நான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. 2007இல் உள்ளே புகைக்கத் தடை. எல்லாம் சேர்ந்து சின்ன பப்களை முடித்துவிட்டன.

சசெக்ஸில் டாங்மியர் தளம் 1970இல் மூடியது. ஊரில் டக்ளஸ் பேடர் பெயரில் ஒரு பப் இருந்தது. இப்போது அந்தக் கட்டடம் ஒரு மளிகைக் கடை. சஃபோக்கில் மார்ட்டில்ஷாம் ஹீத்தில் பழைய ஓடுதளத்து நிலத்தில் எழும்பிய குடியிருப்பில் அவர் பெயரில் இன்னொரு பப். இரண்டு காலும் இல்லாமல் பறந்த மனிதர் பேடர். அவரும் மது தொடாதவர் தம்பி, உங்களைப் போல. ஆனாலும் மாலையில் தன் பையன்களோடுதான் இருப்பார்.

வானம்பாடி_72

நான் புதுசு. ஒரு சந்தேகம். நான் குடிப்பதில்லை, இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த மாதிரி இடங்களுக்குப் பிள்ளைகளோடு போகலாமா? ஊரில் மதுக்கடை என்றாலே நாங்கள் அந்தத் தெருவில் நடக்க மாட்டோம். கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது.

கேம்_நதிக்கரை

கூச்சப்படாதீர்கள், நானும் முதல் இரண்டு வருஷம் உள்ளே நுழையவே இல்லை. இங்கே கிராமத்து பப் என்பது பாதி சாப்பாட்டுக்கடை, பாதி ஊர்த் திண்ணை. மதிய நேரம் போங்கள். சாப்பாடு போடுகிற பப்களில் பெரும்பாலும் பிள்ளைகளை அனுமதிப்பார்கள். வாசலிலேயே கேட்டுக்கொண்டால் நிம்மதி. கவுண்டருக்குப் போய் நாமே சொல்லி, பணம் கொடுத்து, வாங்கி வர வேண்டும். மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் பல இடத்தில் யாரும் வர மாட்டார்கள். என்ன குடிக்கிறீர்கள் என்று யாரும் கவனிப்பதில்லை.

பப்பே வேண்டாம் என்றால் யார்க் நகரில் பெட்டீஸ் தேநீர்க்கடைக்குப் போங்கள். செயின்ட் ஹெலன்ஸ் சதுக்கத்தில் இருக்கிறது. போர்க்காலத்தில் அதன் கீழ்த்தளம் பாராக இருந்தது. சுற்றியிருந்த தளங்களிலிருந்து வந்த குண்டுவீச்சு விமானிகள், அதில் கனடாக்காரர்கள் நிறைய, அங்கிருந்த பெரிய கண்ணாடியில் வைரமுனைப் பேனாவால் பெயரைக் கீறினார்கள். கண்ணாடி இன்னும் கீழே இருக்கிறது. பெயரைப் படிக்கப் போனால் அதற்குள் நம் முகமும் தெரியும். என் மகன் அப்போது ஆறு வயது. "இவங்க எல்லாம் எங்கம்மா?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி, அவன் கேட்டது புரிந்ததுபோல், ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினார். எதுவும் சொல்லவில்லை.

கிழக்குக்காற்று

ஓடுபாதை_முனை எழுதியதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏழு பேர் ஒரே மேசை என்பதை நான் அந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. ஈகிளும் ஸ்வானும் பெட்டீஸும் பெயர்களை இருந்த இடத்திலேயே காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் மூன்றும் வருமானம் உள்ள பெரிய இடங்கள். நான் பயப்படுவது பெயர் தெரியாத பப்களுக்காக.

அதனால் ஒரு வேண்டுகோள். நீங்கள் எங்கே போனாலும் சுவரையும் கூரையையும் படமெடுங்கள். பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் அடித்து எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல்கூடப் படத்தில் விழும். முதலில் கவுண்டரில் இருப்பவரிடம் அனுமதி கேளுங்கள். அது என்ன எழுத்து என்று அவருக்கே தெரியாமல் இருந்தால் சொல்லிவிட்டு வாருங்கள். அந்தச் சாம்பல் பெயின்ட் விஷயத்தில் நடந்திருக்க வேண்டியது அவ்வளவுதான்.

ஹாரோ_வாசி

ஞாயிற்றுக்கிழமை மகளோடும் அம்மம்மாவோடும் நார்த்வுட் போனோம். ஃபிரான்டிஷெக்கின் கல்லறையைக் கண்டுபிடித்துவிட்டோம். யாரோ புதிதாகப் பூ வைத்திருந்தார்கள். அம்மம்மா தன் கைப்பையில் இருந்த சின்னச் சரையிலிருந்து கொஞ்சம் மல்லிகை எடுத்து வைத்தார். "ஆற்ற பிள்ளையோ" (யாருடைய பிள்ளையோ) என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது ஆர்ச்சர்ட்டில் சாப்பிட்டோம். மகள் பரிமாறிய பெண்ணிடம் போலந்து விமானிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்க, அந்தப் பெண் சிரித்தபடி தான் கிராக்கோவ் நகரத்துக்காரி என்றாள். பிறகு இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே நின்றார்கள், எங்கள் சாப்பாடு வரத் தாமதமாகிவிட்டது. ஒருவருக்கும் கவலையில்லை.

ஓடுபாதை_முனை

ஹாரோ_வாசி, அம்மம்மாவுக்கு என் வணக்கம்.

சரி, ஒரு யோசனை. வருகிற மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காலை 10 மணிக்கு கானிங்ஸ்பி. அங்கே பழைய லங்காஸ்டர் ஒன்று இன்னும் பறக்கும் நிலையில் இருக்கிறது, ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு மதியம் புளூ பெல். டார்ச் நான் கொண்டுவருகிறேன். கிழக்குக்காற்று நல்ல லென்ஸ் கொண்டுவரட்டும். பழைய_பிலிம்சுருள் ஐயா ரயிலில் வந்தால் லிங்கனில் நான் ஏற்றிக்கொள்கிறேன். வானம்பாடி, பிள்ளைகளோடு வாருங்கள். கூரை தாழ்வு, அவர்களைத் தோளில் தூக்கினால் கையெழுத்தைப் பக்கத்தில் பார்க்கலாம்.

பப்புக்கு போன் செய்து ஒரு மேசை கேட்கப் போகிறேன். எத்தனை பேர் என்று புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்.

வானம்பாடி_72

நாங்கள் நாலு பேர் வருகிறோம்.